கோடு குதித்த காலை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அந்த மிடுக்கு குறையாமல்தான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் வானிலை அலுவலகத்துக்குப் போனேன். மேற்படிப்புக்குப் பழைய மழைப் பதிவுகள் தேவைப்பட்டன. கீழ்த்தளத்து எழுத்தர் என் பட்டச் சான்றிதழை ஏறிட்டும் பார்க்கவில்லை. "மாடிக்குப் போங்க. அங்க ஒரு அம்மா உக்காராம நடந்துக்கிட்டே இருப்பாங்க. அவங்களக் கேளுங்க" என்றார்.

நடந்துகொண்டுதான் இருந்தார். ஜன்னலிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து சுவரில் மாட்டிய திரைக்கு, திரும்பவும் ஜன்னலுக்கு. நான் வணக்கம் சொன்னதும் திரும்பாமலே, "வெளிய காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று கேட்டார். வயக்காட்டில் வளர்ந்தவனுக்கு அந்த நேரம் பார்த்து அது தெரியவில்லை. நான் இன்ன படிப்புப் படித்தவன், இன்ன ஆய்வு செய்கிறவன் என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் சந்தோஷம். கீழ போய் காத்தைப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பதிவுகள் கிடைத்தன. அதற்குப் பிறகு காரணம் இருந்தும் இல்லாமலும் பலமுறை அந்த மாடி ஏறியிருக்கிறேன். இங்கே சொல்லப்போவது அவர் சொன்னதும், அவர் தங்கை சொன்னதும், தங்கையின் கணவர் இரண்டுக்கும் நடுவே சேர்த்துச் சொன்னதும். இனி இதில் எனக்கு வேலை இல்லை.

அலுவலகத்தில் அவர் 'மேடம்'. ஆற்று முகத்துவாரத்தில், தங்கை குடியிருக்கும் தெருவில், அவருக்குப் பெயர் 'புயலம்மா'. ஐம்பதை நெருங்கும் வயது. முன்னறிவிப்பாளர் வேலை. விடுமுறைக்குத் தங்கை வீட்டுக்குப் போனால் துணி அலசலாமா, படகுக்குச் சாயம் பூசலாமா, மாடித் தளம் போட ஆளை வரச் சொல்லலாமா என்று கேட்க நாலு பேர் வாசலில் நிற்பார்கள். அப்போது அந்தப் பெயரில் மரியாதை இருந்தது. போன வருஷத்துக்குப் பிறகு, அதே பெயரைச் சொல்லும்போது எல்லார் உதட்டோரத்திலும் ஒரு கோணல் சேர்ந்துகொண்டது.

அந்தக் கதை புரிய, புயல் என்ன சாமான் என்று கொஞ்சம் தெரிய வேண்டும். கடல் சூடேறினால் அதன் மேலிருக்கும் ஈரக் காற்று மேலே எழும்பும். எழும்பிய இடத்தில் அழுத்தம் குறையும். காலியான நாற்காலிக்கு ஓடி வருகிற மாதிரி நாலாபுறத்துக் காற்றும் அங்கே ஓடி வரும். பூமி சுற்றுவதால் நேராக வர முடியாமல் வளைந்து வந்து சுழலும். புயலம்மாவின் பாஷையில் இதற்குக் கால் உண்டு, தலை உண்டு. கடல் மட்டத்தில் சுழல்வது கால். மேலே மலை மாதிரி எழும்பி நிற்கும் மேகக் கூட்டம் தலை. காலுக்கு நேர் மேலே தலை நின்றால் புயல் பலம் பிடிக்கும்.

அதற்குக் கெடுதல் செய்ய வருவது நிலத்துக் காற்று. நிலத்தில் பிறந்த காற்றுத்திரள் வறண்டது. கடலில் பிறந்தது ஈரம் குடித்தது. இரண்டும் சந்தித்தால் சட்டென்று கலந்துவிடாது. பிணங்கிய இரண்டு சம்பந்தி வீட்டார் ஒரே கூடத்தில் உட்கார்ந்த மாதிரி நடுவே ஒரு கோடு பிரிந்து நிற்கும். அந்தக் கோட்டுக்கு முகப்பு என்று பெயர். முகப்பு கடல் பக்கம் நகர்ந்து வந்தால் வறண்ட காற்று புயலுக்குள் நுழைந்து அதை உள்ளேயே உலர்த்திவிடும்.

போன வருஷம் அப்படித்தான் ஆனது. முகத்துவாரத்துக்கு நேராக ஒரு புயல் வந்துகொண்டிருந்தது. தங்கை போனில் கேட்டபோது புயலம்மா, "நிச்சயம் வரும். எல்லாத்தையும் மேல ஏத்திட்டுக் கிளம்புங்க" என்று சொன்னார். தங்கையின் கணவருக்குத் தெருமுனையில் படகு எஞ்சின் பட்டறை. பட்டறையின் உயிரே இரும்பைக் கடையும் லேத் மெஷின்தான். மனைவியின் அக்காவை அவர் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணியே நிச்சயம் என்று சொல்லிவிட்டாரே என்று, கப்பி போட்டு அதை மேல்தளத்துக்கு இழுத்தார். சங்கிலி வழுக்கியது. மெஷின் இறங்கிய இடத்தில் அவருடைய இடது கால் இருந்தது. மறுநாள் வறண்ட காற்று புயலைக் கடலிலேயே தின்று தீர்த்துவிட்டது. ஊரெல்லாம் பளீரென்று வெயில். ஆஸ்பத்திரியில் அவருடைய இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

"வராத புயலுக்கு என் வீட்டுக்காரர் காலைக் குடுத்துட்டு வந்தேன்" என்று தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னாள். அதுதான் அக்காவிடம் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. பட்டறைக்காரர் மட்டும் பேசுவார். நொண்டிக்கொண்டே, கிண்டலை விடாமல் பேசுவார். அவர் பேசப் பேசப் புயலம்மாவுக்கு இன்னும் கூசும்.

இந்த வருஷம் மறுபடி ஒன்று உருவானது.

அது கரையேறுவதற்கு முந்தின நாள் முழுக்க அலுவலகம் ஒரே கோட்டில் நின்றது. மையம் இங்கே, போகும் பாதை இப்படி, நகரத்துக்கு வடக்கே வடக்குக் கடற்கரையில் கரையேறும் என்று அறிக்கை மேல் அறிக்கை போனது. கரையேறும் இடத்துக்குத் தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அதனால் கடல் உள்ளே வராது. முகத்துவாரம் தெற்கே இருந்தது. ஆகவே நகராட்சிக்காரர்கள் வடக்குக் கடற்கரைத் தெருக்களைக் காலி செய்து, அந்த ஜனங்களை முகத்துவாரத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சுவர் தங்கையின் வீடு.

மறுநாள் காலை, வெளிச்சம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், புயலம்மா பணிக்கு வந்தார். இரவுப் பணி முடித்தவருக்கு அலுவலகத்தில் 'கொட்டாவி' என்று பெயர். அவர் கொட்டாவியோடு கொட்டாவியாகப் பொறுப்பை ஒப்படைத்தார். மையம் அதே இடம்தான். பாதை அதேதான். மேகம் நன்றாகத் திரண்டிருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, ஒரு கப்பல்காரன் மட்டும் ஏதோ உளறியிருந்தான், அதை ஒதுக்கிவிட்டேன் என்றார்.

என்ன உளறினான் என்று புயலம்மா கேட்டார்.

மையத்துக்குத் தெற்கே நிற்கிற கப்பல் அது. அங்கே மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்றுதான் வீச வேண்டும். அவன் கிழக்குக் காற்று என்று எழுதி அனுப்பியிருந்தான். திசையை மாற்றி எழுதியிருப்பான் என்று கொட்டாவி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இது அந்த வேலையில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வரைந்த வட்டம் அழகாக இருந்தால், அதற்குள் அடங்காத ஆளைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

புயலம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கப்பலில் கிழக்குக் காற்று உண்மை என்றால், மையம் கப்பலுக்கு வடக்கே இல்லை, தெற்கே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தார். ஜன்னலைத் திறந்தார். வெளியே காற்று அசையவே இல்லை. வெக்கை ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. ஜன்னலை மூடினார். டீ வந்தது. ஆடை கட்டி ஆறிப்போனது.

இரவில் செயற்கைக்கோள் எடுக்கும் படம் சூட்டைப் பார்க்கும் படம். உயரத்தில் இருக்கும் குளிர்ந்த மேகம் அதில் பளிச்சென்று தெரியும். கடலை ஒட்டிச் சுழலும் தாழ்ந்த மேகத்தின் சூடும் கடலின் சூடும் ஏறக்குறைய ஒன்று என்பதால் அது தெரியவே தெரியாது. ராத்திரியெல்லாம் தலைதான் தெரியும். தலைக்குக் கீழே கால் இருக்கும் என்று நம்பி மையத்தைக் குறிப்பார்கள். விடிந்து சூரிய வெளிச்சத்தில் முதல் படம் வந்தால்தான் கால் நிஜமாக எங்கே என்று தெரியும். அந்த முதல் படம் வரும்வரை அவர் திரைக்கும் ஜன்னலுக்கும் இடையே தேய்த்த தேய்ப்பில் தரை வழுவழுத்திருக்கும்.

படம் வந்தது.

மேகமலை வடகிழக்கே ஒதுங்கிக் கிடந்தது. அதன் அடியில் ஒன்றுமே இல்லை. அங்கிருந்து வெகு தூரம் தெற்கே, மேகமே இல்லாத வெறும் கடலில், தொட்டியின் அடைப்பைப் பிடுங்கியதும் தண்ணீர் சுற்றுமே அந்த மாதிரி, மெல்லிய வெள்ளை இழைகள் சுற்றிக்கொண்டிருந்தன. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நிலத்திலிருந்து கிளம்பிய முகப்புக்கு முன்னால் ஓடும் மேலடுக்குக் காற்று தலையைப் பிடித்து வடக்கே தள்ளியிருந்தது. தலையைத்தான் ராத்திரி முழுக்க எல்லாரும் துரத்தியிருந்தார்கள். கால் தன் பாட்டுக்குக் கீழடுக்குக் காற்றின் கையைப் பிடித்துக்கொண்டு நேர் மேற்கே நடந்துகொண்டிருந்தது.

கோட்டை நீட்டிப் பார்த்தார். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் தெற்கே கரை தொட்டது. அப்படியானால் முகத்துவாரம் வடக்குப் பக்கம். கடலை அப்படியே வாரிக்கொண்டு வந்து கொட்டும் பக்கம். தங்கையின் தெருவில் இப்போது வடக்குத் தெரு ஜனமும் சேர்ந்து இருக்கிறது.

மேசையில் போன் இருந்தது. கை போனது, பாதியில் நின்றது. அந்த அலுவலகத்தில் எழுதாத விதி ஒன்று உண்டு: அறிக்கை ஊருக்குப் போன பிறகுதான் வீட்டுக்குப் போன். ஊருக்கு ஒன்றும் உறவுக்கு ஒன்றும் சொன்னால் பிறகு அந்த மாடிக்கு மரியாதை இருக்காது. கையை இழுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார்.

இயக்குநருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'பாதி சார்'. கெட்டவர் இல்லை. பயந்த மனிதர். கோடு குதிக்கக் கூடாது என்பது அவருடைய வேதம். காலையில் ஒரு இடம், மத்தியானம் இன்னொரு இடம் என்று மாற்றினால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்; ஆகவே புதிய தகவல் எவ்வளவு தூரம் இழுத்தாலும் பழைய கோட்டிலிருந்து பாதி தூரம்தான் நகர வேண்டும், மீதியை அடுத்த அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். அது சும்மா சொன்ன பேச்சும் இல்லை. எத்தனையோ தடவை அது காப்பாற்றியிருக்கிறது. புது இழுப்பு பல நேரம் தற்காலிகமாகவே இருந்துவிடும்.

படத்தைப் பார்த்தார். கப்பல் செய்தியையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை. பிறகு வழக்கம்போல, பாதியில் வைப்போம், துறைமுகத்துக்கு நேரே கரையேறும் என்று போடுவோம் என்றார்.

"நடுவுல எதுவும் இல்ல சார். தலை அங்க இருக்கு, கால் இங்க இருக்கு. நடுவுல வச்சா அது நமக்கு நல்லாருக்கும், முகத்துவாரத்துல இருக்கிறவங்களுக்கு ஒத்தாசை இல்ல."

தலை இல்லாத கால் எத்தனை நேரம் ஓடும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. போன வருஷம் புயலை உலர்த்தியது இதே மாதிரி ஒரு வறண்ட காற்றுதானே. இதுவும் கடலிலேயே செத்துப்போனால்? வடக்குத் தெரு ஜனத்தை இரண்டாம் முறை மூட்டை கட்ட வைத்த பாவம் யார் தலையில் விழும்? புயலம்மா படத்தில் விரல் வைத்துக் காட்டினார். முகப்பு விலகிக்கொண்டிருக்கிறது, கரையோரத் தண்ணீர் சூடாக இருக்கிறது, சாயங்காலத்துக்குள் தலை திரும்ப வந்து கால் மேல் உட்கார்ந்துவிடலாம் என்று சொன்னார். உட்காரலாம் என்றுதான் சொன்னார். உட்காரும் என்று சொல்லவில்லை.

"தப்பாப் போனா?" என்றார் பாதி சார்.

"என் பேரைச் சொல்லிடுங்க. ஏற்கெனவே கெட்ட பேருதான், இனிமே அதுல கெடறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. போன வருஷத்து அறிக்கையிலும் பாதி சாருடைய கையெழுத்துதான் இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும். புயலம்மா அவர் மேசை முன்னால் நின்றார், நகர்ந்தார், நின்றார். உட்காருங்களேன் அம்மா, தலை சுற்றுகிறது என்றார் பாதி சார். உட்காரவில்லை. ஜன்னல் கண்ணாடியை ஏதோ ஒரு ஈ முட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் பேனாவை எடுத்து, "இதுல மட்டும்தான் பாதி போட முடியாது" என்று முணுமுணுத்துக்கொண்டே முழுக் கையெழுத்தைப் போட்டார்.

கோடு குதித்தது. அறிக்கை போனது. அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் தெரிந்த அடுத்த நொடி புயலம்மா போனை எடுத்தார்.

பட்டறைக்காரர்தான் எடுத்தார். பின்னால் பிள்ளைகள் கூச்சல், பாத்திரம் உருளும் சத்தம். "அண்ணி, கும்பிடறேன். இங்க வெயில் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. வடக்குத் தெரு முழுக்க நம்ம வீட்டுக் கிணத்துலதான் குளிக்குது. உங்க தங்கச்சி அகப்பையைக் கீழ வைக்கல" என்றார்.

"தம்பி, கோடு மாறிடுச்சு. உங்களுக்குத் தெக்க வருது."

எட்டிப் போங்கடா என்று அவர் பிள்ளைகளை அதட்டும் சத்தம் கேட்டது.

"நேத்து வடக்கேன்னு சொல்லித்தானே அவங்கள இங்க கொண்டாந்து கொட்டினாங்க?"

"ஆமா. நாங்க வச்ச இடம் தப்பு. அவகிட்ட குடுங்க."

அவள் பேச மாட்டாளே அண்ணி என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் கை மாறியது தெரிந்தது. மூச்சு மட்டும் கேட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்கும் மூச்சு.

"நிச்சயமா?" என்றாள் தங்கை. வேறு வார்த்தை இல்லை.

புயலம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்ற ஒரு சொல்லில் அவளைக் கிளப்பிவிடலாம் என்று தோன்றியது. நாக்கு நுனி வரை வந்தது.

"நிச்சயம் இல்ல."

"போன தடவை நிச்சயம்னியே."

"போன தடவை எனக்குத் தெரியாததையும் சேத்துச் சொல்லிட்டேன். இந்தத் தடவை தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்."

"பத்துக்கு எத்தனை?"

"ஆறு."

"ஆறுக்கா?" தங்கையின் குரல் ஏறியது. "இவ்வளவு ஜனம். பிள்ளைத்தாச்சி இருக்கா. படுத்த படுக்கையா ஒரு பெரியவர் இருக்காரு. நேத்துதான் இறக்கிப் போட்டாங்க. ஆறுக்கு நான் போய் இவங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"ஆறுன்னே சொல்லு. நான் அங்க இருந்தா ஆறுக்குக் கிளம்பிடுவேன்."

போன் துண்டிக்கப்பட்டது. வைத்தாளா, தானாக நின்றதா என்று தெரியவில்லை. திரும்ப அழைத்தார். எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை.

அதன்பின் அந்தப் பகல் நகர்ந்த விதத்தை அவரே சரியாகச் சொல்ல மாட்டார். போன்கள் ஓயவில்லை. நகராட்சியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, விளையாடுகிறீர்களா என்றார். வானொலிக்காரர் ஒருவர், வடக்கா தெற்கா, முடிவாகச் சொல்லுங்கள் என்று கத்தினார். வண்டிகள் முகத்துவாரத்துக்குப் போயிருப்பதாக ஒருவர் சொன்னார். பாதி ஜனம் ஏற மறுக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். புயலம்மா ஒவ்வொரு படம் வரும்போதும் திரைக்குப் போனார். மத்தியானம் வரைக்கும் கால் மொட்டையாகத்தான் இருந்தது. பார்க்கவே பரிதாபமாக, எந்த நிமிஷமும் கலைந்துவிடும் போல. பாதி சார் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கலைந்து போ என்று வேண்டுவதா, கலையாதே என்று வேண்டுவதா என்று புயலம்மாவுக்குத் தெரியவில்லை. கலைந்தால் ஊர் பிழைக்கும், தான் இனி தங்கை முகத்தில் விழிக்க முடியாது. கலையாவிட்டால், அவள் கிளம்பாமல் இருந்தால்? இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று துரத்தின. பசிக்கவில்லை.

பொழுது சாயும் முன்பு ஒரு படத்தில், சுழலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கொத்து முளைத்தது. அடுத்த படத்தில் அது பருத்தது. முகப்பு விலகிவிட்டது, மேலடுக்குக் காற்று தளர்ந்தது, புதுத் தலை ஒன்று கால் மேல் ஏறிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக் கொடிக்கம்பங்கள் ஊளையிட ஆரம்பித்தன. காற்று எங்கிருந்து என்று அவர் பார்க்கவில்லை. ஜன்னல் சட்டம் அடித்துக்கொண்ட அடியிலேயே தெரிந்தது, கடலிலிருந்து. இருட்டுவதற்குள் முகத்துவாரத்துப் போன்கள் எல்லாம் செத்துப்போயின. நகராட்சிக்கே அங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியவில்லை.

விடிந்ததும் அவர் நடந்தே போனார். வண்டி போகும் நிலையில் சாலை இல்லை. சாய்ந்த கம்பங்களைத் தாண்டி, சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு, தங்கையின் தெருவுக்குள் நுழைந்தார். சுவர்களில் இடுப்பளவுக்கு ஈரக் கறை ஒரே மட்டமாக ஓடியது. பள்ளிக்கூடத்தின் கீழ்த்தள வகுப்பறைகளில் பெஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பாய்கள் ஜன்னல் கம்பியில் சிக்கித் தொங்கின. ஆள் இல்லை. தங்கையின் வீட்டுக் கதவு சாத்தி, வெளியே பூட்டுப் போட்டிருந்தது. அந்தப் பூட்டைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தார். பூட்டு வெளிப்பக்கம் இருக்கிறது. பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

வண்டிகள் ஜனங்களைக் கொண்டுபோய் இறக்கியிருந்த மேட்டுப் பள்ளிக்கூடத்தில் அவளைக் கண்டுபிடித்தார். தங்கை அங்கேயும் பெரிய பாத்திரத்தின் முன்னால்தான் நின்றாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. அக்காவைப் பார்த்தாள். சேறு அப்பிய வெறுங்காலைப் பார்த்தாள்.

"செருப்பு கூட இல்லாம வந்திருக்க. வயசு என்ன ஆகுது உனக்கு?" என்றாள்.

ஒரு தட்டை எடுத்து நிறையப் போட்டு நீட்டினாள். புயலம்மா நின்றபடியே சாப்பிட்டார். முந்தின நாள் காலைக்குப் பிறகு இறங்கிய முதல் கவளம். தங்கை அடுத்த ஆளுக்குப் பரிமாறிக்கொண்டே, இவரைப் பார்க்காமல், "நிச்சயம்னு சொல்லியிருந்தா நான் கிளம்பியிருக்க மாட்டேன்" என்றாள். "தெரியலைன்னு சொன்னியா, அப்பத்தான் பயம் வந்துச்சு."

ஆறு என்று சொன்னதும் வடக்குத் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்களாம். மறுக்கிறவர்களை நகராட்சி ஆள் கெஞ்சிக்கொண்டிருக்க, இவள் படுக்கையில் கிடந்த பெரியவரின் தலைமாட்டைத் தூக்கிக்கொண்டு, கால்மாட்டை யார் பிடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். இரண்டு பேர் வெட்கப்பட்டுப் பிடித்திருக்கிறார்கள். பெரியவரை வண்டியில் ஏற்றிய பிறகு மற்றவர்களால் நிற்க முடியவில்லை.

பட்டறைக்காரர் நொண்டிக்கொண்டே வந்தார். இந்த முறை மெஷினை மேலே ஏற்ற அவருக்குக் காலும் இல்லை, நேரமும் இல்லை. "எல்லாரும் வந்துட்டோம் அண்ணி. லேத் மட்டும் வர மாட்டேன்னு அடம் பிடிச்சிடுச்சு" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உப்புத் தண்ணீர் குடித்த இரும்பு பிறகு சரியாகவே இல்லை. அந்த லேத் அவருடைய அப்பா வாங்கியது.

இதில் எல்லாருக்கும் நல்ல பெயர் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வடக்குக் கடற்கரையில் ஒரு ஓடு கூடப் பெயரவில்லை. அந்த ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு புயலுக்கு இரண்டு முறை மூட்டை தூக்க வைத்தார்கள் என்று அலுவலக வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். புயலம்மா கீழே இறங்கிப் போய் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். முதல் நாள் வைத்த மையம் தப்பு என்பது உண்மை, அதைச் சொன்னார். ஒருவர் அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டி, உங்களுக்கெல்லாம் எதற்கு வேலை என்று கேட்டார். அதற்கும் நின்றார்.

கொட்டாவி அந்த வாரம் முழுக்க அவர் கண்ணில் படாமல் ஒதுங்கி நடந்தார். ஒருநாள் அவராகவே வந்து, அந்தக் கப்பல்காரன் உளறுகிறான் என்று சொல்லியிருக்கக் கூடாது என்றார். கிழக்குக் காற்றைக் கையில் வைத்துக்கொண்டு நானும்தான் படம் வரும்வரை உட்கார்ந்திருந்தேன் என்று புயலம்மா சொன்னார். உட்கார்ந்திருந்தேன் என்று அவர் சொன்னதைக் கொட்டாவி ரசித்தார்.

பாதி சார் ஓய்வு பெற்றுவிட்டார். கோடு குதிக்கக் கூடாது என்ற விதி இன்னும் இருக்கிறது; இருக்க வேண்டும் என்றுதான் புயலம்மாவும் சொல்கிறார். எப்போது மீறுவது என்று கேட்டால் திரைப் பக்கம் போய்விடுவார்.

பட்டறை இப்போது முகத்துவாரத்தில் இல்லை. பேருந்து பணிமனைக்குப் பின்னால் ஒரு வாடகைக் கொட்டகையில் நடக்கிறது. லேத் இல்லாத பட்டறை. எஞ்சின் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையும் சில்லறை வெல்டிங்கும் வருகிறது. தங்கை வாரம் ஒருமுறை போன் செய்கிறாள், பெரும்பாலும் சண்டை போட. புயலம்மா அதே மாடியில், அதே காலைப் பணியில் இருக்கிறார். பணி முடிய இன்னும் சில வருஷங்கள் பாக்கி இருக்கின்றன. முழங்காலில் வலி வந்திருக்கிறது. மருத்துவர் உட்கார்ந்து வேலை செய்யச் சொல்லியிருக்கிறார்.